வன்னியும் வைத்தியத் தேர்வும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வன்னிக் கிராமங்கள் பல, பறங்கிப்புண் முதலிய நோய்களால் நலிந்து குடி குன்றின. காரணத்தை ஆராய்ந்த டாக்டர் ஜேம்ஸ் லூஸ், உள்நாட்டவருக்கே மேலைமருத்துவம் பயிற்றல் வேண்டும் என்றார். அவ்வாறே 1870 இல் கொழும்பு மருத்துவப் பள்ளி தோன்றியது. அவரே அதன் முதல் தலைவர். அந்நூற்றாண்டு முடியுமுன்னரே, அங்குக் கற்றுச் சான்று பெற்றோர் பிரித்தானியாவிலும் தொழில் புரியும் உரிமை எய்தினர்.

காலம் மாறியது. 1975 இல் பிரித்தானியா, அயல்நாட்டிற் பயின்ற மருத்துவர் பலருக்கு மருத்துவ அறிவையும் ஆங்கிலத்தையும் சோதிக்கும் தேர்வொன்றை விதித்தது. இன்று இலங்கையும் வெளிநாட்டிற் கற்று மீள்வோருக்குத் தனித் தேர்வு நடத்துகின்றது. நோயாளியின் உயிர் காக்கத் தேர்வு தேவையே. ஆயினும் அது அறிவை அளக்குமேயன்றி, அவ்வறிவு எவ்வூருக்குப் பயன்படும் என வினவுவதில்லை. வன்னியின் துயர் அன்று எழுப்பிய வினாவோ அதுவே.