இரவல் வீரர்கள்

கண்டி வீதியோரத்துக் கனகராயன்குளத்தில், இரவல் சப்பாத்தின் நுனியில் துணி அடைத்துக் காலுக்குப் பொருத்திக்கொண்டு உதைபந்தாடும் சிறுவனை எண்ணும்போதெல்லாம், ஆட்டக்காரனையே இரவல் கொடுக்கும் வழக்கத்தை இங்கிலாந்துக் கழகங்கள் 1966இல் விதிப்படி மேற்கொண்டதும், முதலணியில் இடம் கிட்டாத இளைஞர் அதனால் வேறொரு கழகத்தில் முழு ஆட்டங்களாடி முதிர்ந்ததும் என் ஞாபகத்துக்கு வரும். 1987இல் இந்தியாவின் ஜாம்ஷெட்பூரில் டாட்டா உதைபந்தாட்டப் பயிற்சிக்கழகம் தோன்றிய காலத்திலோ, கனகராயன்குளம் அமைந்த வன்னியை யுத்தம் சூழ்ந்திருந்தது. 2009இல் யுத்தம் முடிந்தபின் அங்கு மீள்குடியேறியோர்க்கோ கூரையே முதற்கவலையாயிற்று.

ஈழத்தமிழ்ப் பெற்றோர்க்கு வேல்ஸில் பிறந்த விமல் யோகநாதன், லிவர்பூல் முதலிய கழகங்களின் இளையோர் பயிற்சிக்களங்களில் வளர்ந்து பார்ன்ஸ்லியின் முதலணியை எய்தினார். அவருடைய திறமைக்குப் பயிற்றுநரும் புற்றரையும் பருவந்தோறும் துணைநின்றன. அத்துணையில் ஒரு பங்கேனும் கனகராயன்குளத்துச் சிறுவனுக்கு, துணி அடைத்த அந்தச் சப்பாத்து அவன் காலுக்கு இறுகுமுன்னரே கிட்டவேண்டும்.