ஹவ்ளு வெட்டியவனின் கூலி

பத்து முழ நீளமும் பத்து முழ அகலமும் கொண்ட ஹவ்ளு ஒன்றை வெட்டித் தருவதாக ஒருவன் ஒப்புக்கொள்கிறான். ஆழமும் வரையறுக்கப்பட்டுவிட்டது. ஆனால் அவன் வெட்டி முடித்ததோ ஐந்துக்கு ஐந்து முழமே. அவனுக்குரிய கூலி எவ்வளவு? ஃபிக்ஹு நூல்களில் இஜாரா எனும் கூலி ஒப்பந்தப் பாடத்தில் வரும் வினா இது. வகுப்பில் இதனை நாம் எழுப்பும்போதெல்லாம் முதலில் எழும் விடை 'பாதி' என்பதே. ஹனஃபி சட்ட அறிஞர்கள் தந்த விடையோ 'கால் பங்கு'.

காரணம் எளிது. கூலி நீளத்தை மட்டும் பொறுத்ததன்று, அகலத்தையும் பொறுத்தது. இரண்டும் பாதியானால் அவற்றின் பெருக்கம் நூறிலிருந்து இருபத்தைந்தாகக் குறைகிறது. இக்காலப் பள்ளிக் கணிதம் இதனைக் கூட்டு மாறல் என்கிறது. பேசிய கூலி 200 திர்ஹம் எனில், அதனை 100ஆல் வகுக்க ஒரு சதுர முழத்துக்கு 2 திர்ஹம் என்னும் மாறிலி கிடைக்கும். அதனை 25ஆல் பெருக்கினால் 50 திர்ஹம். ஆழமும் பத்து முழம் எனப் பேசி ஐந்து முழமே வெட்டியிருந்தால், எட்டில் ஒரு பங்கான 25 திர்ஹமே வரும்.

இக்கணக்கின் வேரைத் தேடினால் பக்தாதை அடைகிறோம். கலீஃபா மஃமூனின் ஆட்சிக் காலத்தில் (813–833) முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மி தமது அல்ஜப்ர் வல்முகாபலா நூலை இயற்றினார். வாரிசுரிமை, வஸிய்யத், பாகப்பிரிவினை, வணிகம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்கு உதவுவதே அதன் நோக்கம் என முன்னுரையில் அவரே கூறுகிறார். கொடுக்கல் வாங்கல் பற்றிய அத்தியாயத்தில், எவ்வகை வணிகத்திலும் நான்கு எண்கள் உள்ளன என்கிறார்: பண்டத்தின் அளவு, அதன் விலை, கொடுக்கும் தொகை, பெறும் பொருள். மூன்று தெரிந்தால் நான்காவதைக் காணலாம். மாதம் 10 திர்ஹம் கூலி பெறுபவன் ஆறு நாள் உழைத்தால் என்ன பெறுவான் என்பது அங்குள்ள ஓர் எடுத்துக்காட்டு. பத்தை ஆறால் பெருக்கி முப்பதால் வகுக்க, 2 திர்ஹம்.

மூன்று எண்களைக் கொண்ட இவ்விதி, பல காரணிகள் சேரும்போது விரிவடைய வேண்டியிருந்தது. இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் 628இல் எழுதிய நூலில் ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று எனக் காரணிகள் பெருகும் விதிகள் உள்ளன. இந்திய நூல்களில் ஐந்தெண் விதிக்குப் பெரும்பாலும் வட்டிக் கணக்கே எடுத்துக்காட்டு. 973இல் பிறந்த அல்பீரூனி இவ்விதிகளை ஆராய்ந்து, இந்தியரின் ராசிகங்கள் பற்றி அரபியில் தனி நூலே எழுதினார். ஹைதராபாத் தாயிரத்துல் மஆரிஃப் அதனை 1948இல் அச்சிட்டது. மார்க்கம் வட்டியை விலக்கியது. அதனைக் கணக்கிடும் விதியை அல்பீரூனி விலக்கவில்லை. அறிவு எங்கிருந்து வரினும் ஏற்கும் அப்பண்பு நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

எனினும், விதியை அறிவது வேறு; அது பொருந்தும் இடத்தை அறிவது வேறு. இமாமிய்யா மரபின் ஹதீஸ் நூல்களில் ஒரு வழக்கு உள்ளது. பத்து ஆள் ஆழக் கிணற்றைப் பத்து திர்ஹமுக்கு ஒப்புக்கொண்டவன், ஓர் ஆள் ஆழம் தோண்டியதும் இயலாமற் போனான். கூலி ஒரு திர்ஹம் என நேர்விகிதம் கூறும். தீர்ப்போ, பத்து திர்ஹமை 55 பங்குகளாக்கி, முதல் ஆள் ஆழத்துக்கு ஒன்று, இரண்டாவதற்கு இரண்டு எனக் கொடுக்கச் சொன்னது. ஒன்று முதல் பத்து வரை கூட்டினால் 55. ஆழம் கூடக் கூட மண்ணை மேலேற்றும் உழைப்பும் கூடுகிறது என்பதை அத்தீர்ப்பு கணக்கில் கொண்டது. அவ்வாறாயின், மேற்கூறிய எட்டில் ஒரு பங்கும், ஆழத்தால் உழைப்பின் கடுமை மாறாத இடத்துக்கே பொருந்தும் என்பது தெளிவாகிறது.

நம் அரபிக் கல்லூரி மாணவர் 'கால் பங்கு' என்பதை மனனம் செய்து அதன் கணக்கைக் கடந்துவிடுகின்றனர். பள்ளி மாணவரோ சூத்திரத்தை அறிந்தும், மண் ஒரே தன்மையுடையதா என வினவுவதில்லை. முன்னோரிடம் இவ்விரண்டும் ஒரே கல்வியாக இருந்தன. உழைப்பவனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். கொடுக்க வேண்டியது எவ்வளவு என்று அறியாதவன் அக்கட்டளையை எங்ஙனம் நிறைவேற்றுவான்?