கோட்டையும் கந்தோரும்: கொழும்பின் அலுவலக வட்டாரம் பற்றிய ஒரு நோக்கு

இலங்கைத் தமிழர் அலுவலகத்தைக் குறிக்க வழங்கிவந்த 'கந்தோர்' என்னுஞ் சொல் ஒல்லாந்தர் மொழியிலிருந்து வந்ததாகும். அவ்வொல்லாந்தர் அரண் செய்த கொழும்புக் கோட்டையிலேயே பிற்காலத்தில் கந்தோர்கள் பெருகின. ஆயின், அவை பெருகியது அரண் இடிக்கப்பட்ட பின்னரேயாம்.

தேசாதிபதி ஹேர்க்கியூலிஸ் றொபின்சன் காலத்தில், 1869ஆம் ஆண்டில், மதில்களை இடிக்கும் பணி தொடங்கிற்று. கண்டிக்கான புகையிரதப் பாதை 1867இலேயே திறக்கப்பட்டிருந்தது. 1875இல் தொடங்கிய தென்மேல் அலைதடுப்பணை 1885இல் நிறைவெய்தவே, காலித் துறைமுகத்தின் முதன்மை கொழும்புக்கு மாறிற்று. மலைநாட்டு விளைபொருளும் கடல்கடந்த கப்பலும் ஓரிடத்திற் சந்தித்தன.

எனினும், துறைமுகம் மாத்திரம் அலுவலக வட்டாரத்தை ஆக்கிவிடாது. தொலைபேசி பரவாத காலத்தில் கப்பல் முகவர், வங்கியாளர், காப்புறுதியாளர், சுங்கப் பகுதியினர் ஆகியோரிடையே பத்திரங்கள் கையோடு கையாகச் செல்லவேண்டியிருந்தன. 1883இல் தேயிலை ஏலமும் கொழும்பில் ஆரம்பமாகவே இத்தேவை மேலும் பெருகிற்று. கோட்டையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு மைல் தூரமுமில்லை. ஏவலாளர் ஒருவர் முற்பகலுக்குள் பல படிகளை ஏறியிறங்கிவிடலாம். யோர்க் வீதியின் பெருங்கட்டடங்கள் நடைபாதையின் மீது வளைவுத் தாழ்வாரங்களை நீட்டி நின்றமை அழகுக்காக மட்டுமன்று. கொழும்பின் வெயிலிலும் மழையிலும் நடப்பவர்க்கு அவையே குடை.

நாள்தோறும் வருவோர்க்கும் வழி அமைந்தது. 1899இல் ஓடத்தொடங்கிய மின்சார டிராம் வண்டிகள் கிராண்ட்பாஸையும் பொரளையையும் கோட்டையுடன் இணைத்தன. இன்றைய கோட்டைப் புகையிரத நிலையம் 1917இல் திறக்கப்பட்டது. வடபகுதிப் புகையிரதப் பாதை 1905இல் காங்கேசன்துறை வரை நிறைவுற்றபின், அரசாங்க இலிகிதர் சேவையை நாடிய யாழ்ப்பாணத்து இளைஞர்க்குத் தலைநகர் அணித்தாயிற்று. அவர்களுட் பலர் பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் குடியமர்ந்தமைக்கு உறவும் ஊர்ப்பற்றும் காரணங்களாகக் கூறப்படுவதுண்டு. அவ்வூர்கள் கரையோரப் பாதையின் நிலையங்களாயிருந்தமையும் கருதத்தக்கது. வீட்டிலிருந்து நிலையத்துக்கு நடந்து, கோட்டையில் இறங்கி, மீண்டும் நடந்தால் கந்தோர்.

டிராம் சேவை 1960இல் நின்றது. 1982இல் பாராளுமன்றம் ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டேக்குப் பெயர்ந்தது. அதையொட்டிப் பத்தரமுல்லையில் அமைச்சுகள் பல எழுந்தன. அங்கே நிலம் இருந்தது; புகையிரதம் இல்லை. பஸ்வண்டியை நம்பிய சிற்றூழியர் இருமுறை மாறிச் செல்ல நேர்ந்த இடமாற்றம் இது. திட்டமிட்டோர் மோட்டார் வண்டியில் வருவோரையே மனத்திற்கொண்டிருந்தனர் என எண்ண இடமுண்டு.

1996 சனவரி 31இல் மத்திய வங்கிமீது நிகழ்ந்த குண்டுத்தாக்குதல் பல உயிர்களைப் பலிகொண்டது. அதன்பின் தடைவேலிகள் வீதிகளை மறித்தன. நடந்து திரிவதற்கென்றே அமைந்த வட்டாரத்தில் நடப்பதே அரிதாயிற்று. கோட்டையின் வீழ்ச்சிக்குப் போரை மாத்திரம் காரணங்காட்டுவோர் ஒன்றை நோக்குவதில்லை. வெளியேறிய நிறுவனங்களுட் பல வெகுதூரம் செல்லாது, கொள்ளுப்பிட்டியிலும் பம்பலப்பிட்டியிலும், அதே கரையோரப் பாதையும் காலி வீதியும் அணுகக்கூடிய இடங்களிலேயே தங்கின. 1997இல் திறக்கப்பட்ட உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களோ கோட்டையிலேயே நின்றன.

பத்தரமுல்லை வழியாக மாலபேயையும் கோட்டையையும் இணைக்கும் இலகு புகையிரதத் திட்டத்துக்கு 2019இல் யப்பானியக் கடன் ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. 2020இல் அது கைவிடப்பட்டது. அமைச்சுகள் தண்டவாளமின்றியே தொடர்ந்தன.