துபாஷியின் சாவி

துபாஷி என்ற சொல் இப்போது வழக்கில் இல்லை. இரண்டு பாஷை தெரிந்தவர் என்று பொருள். பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் அந்த இரண்டாவது பாஷைக்கு இருந்த மதிப்பு கொஞ்சநஞ்சமல்ல. கவர்னர் துய்ப்ளேயின் பேச்சைத் தமிழருக்கும், தமிழர் பேச்சைக் கவர்னருக்கும் எடுத்துச் சொல்பவர் எவரோ, அவருடைய தயவு வியாபாரிகளுக்கெல்லாம் வேண்டியிருந்தது. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதி வந்த நாட்குறிப்பைப் புரட்டினால் இது விளங்கும்.

துய்ப்ளேயின் மனைவி ழான், புதுச்சேரியிலேயே பிறந்தவர், தமிழ் அறிந்தவர். நாட்குறிப்பில் அந்த அம்மாளைப் பற்றிய கசப்பு அடிக்கடி தலைகாட்டுகிறது. அதற்குப் பல காரணங்கள் உண்டு. கஜானாச் சாவி போன்ற அந்தத் திறமை கவர்னர் வீட்டுக்குள்ளேயே இன்னொருவரிடம் இருந்ததும் அவற்றில் ஒன்றோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. சாவி வைத்திருப்பவர் அதை ஊருக்கெல்லாம் வார்த்துக் கொடுக்க விரும்புவாரா?

கிளியனூர் புதுச்சேரியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர்தான். வடகிழக்கே மரக்காணத்து உப்பளங்கள்; தெற்கே பிரெஞ்சுக்காரர் நகரம். ஆனால் கிளியனூர் இருந்தது தென்னார்க்காடு ஜில்லாவில், ஆங்கிலேயர் ஆட்சியில். புதுச்சேரியில் 1826-இல் பிரெஞ்சுப் பள்ளி எழுந்தது. 1889-இல் அலியான்ஸ் பிரான்சேஸ் வந்தது. பிரெஞ்சு படித்த தமிழர்கள் சைகோன் வரையில் உத்தியோகம் தேடிக் கப்பலேறினார்கள். எல்லைக்கு இந்தப் பக்கத்துப் பையனுக்கு உத்தியோகக் கனவு வந்தால், அது ஆங்கிலத்தில்தான் வந்திருக்கும்.

நூல்கள் இல்லாமலில்லை. மூசே, துய்ப்புய் என்ற இரண்டு பாதிரிமார்கள் தொகுத்த தமிழ்–பிரெஞ்சு அகராதி, 1855-இலும் 1862-இலும் இரண்டு பாகங்களாகப் புதுச்சேரியில் அச்சாயிற்று. அசுர உழைப்பு! ஆனால் தமிழ்ச் சொல்லுக்குப் பிரெஞ்சில் பொருள் சொல்லும் அந்த நூல், தமிழ் கற்க வந்த வெள்ளைக்காரருக்கே முதலில் கை கொடுத்தது.

1954 நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்டு 16-இல் சட்டப்படியும் இணைந்தது. எல்லைச் சாவடி போயிற்று. பாஷைக்குப் போட்ட வேலியை உடைத்தது இணையம். இன்று கிளியனூர்ப் பெண் ஒருத்தி திண்ணையில் உட்கார்ந்து, கைப்பேசியில் பிரான்ஸ் நாட்டு ஆர்.எஃப்.ஐ. வானொலியின் பத்து நிமிஷ எளிய பிரெஞ்சுச் செய்தியைக் கேட்கலாம். எழுத்து வடிவத்தையும் கூடவே வாசிக்கலாம். டி.வி.5 மோந்த் தளத்தில் ஆரம்பப் படியிலிருந்து பயிற்சிகள் செய்யலாம். காலணாச் செலவில்லை. எந்தத் துபாஷியின் வாசலிலும் நிற்க வேண்டாம்.

நிற்க வேண்டாம் என்றா சொன்னேன்? ஒரு துபாஷி இன்னும் வாசலை அடைத்துக்கொண்டுதான் இருக்கிறார். அவர் பெயர் ஆங்கிலம். இணையப் பாடங்களில் பெரும்பாலானவை பிரெஞ்சை ஆங்கிலத்தில்தான் விளக்குகின்றன. அல்லது பிரெஞ்சிலேயே விளக்குகின்றன. தமிழ் வழியில் படித்த பெண், ஓர் அந்நிய பாஷையைத் தாண்டித்தான் இன்னோர் அந்நிய பாஷைக்குப் போகவேண்டியிருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். பிரெஞ்சில் 'த்யு' என்றால் நீ. 'வூ' என்றால் நீங்கள். இன்றைய ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். ஆகவே யாரிடம் எதைச் சொல்வது என்று ஆங்கிலப் பாடம் நீட்டி முழக்க வேண்டியிருக்கிறது. தமிழ்க் குழந்தைக்கு இது தாய்மடியிலேயே வந்துவிடுகிறது. தோழியை நீ என்பாள்; வாத்தியாரை நீங்கள் என்பாள். ஒரே வரியில் பாடம் முடிந்தது! நமக்குக் கஷ்டம் வேறு இடத்தில்: மேஜை அவர்களுக்குப் பெண்பால், நமக்கோ அஃறிணை. அங்கேதான் நமக்கு விளக்கம் தேவை. ஆங்கிலேயருக்காக எழுதிய பாடத்துக்கு இந்த வித்தியாசம் எப்படித் தெரியும்?

ஆகையால் இரண்டு பாஷையும் நன்கு கற்ற புதுச்சேரி ஆசிரியர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றுதான். தமிழிலேயே விளக்கிப் பிரெஞ்சுப் பாடங்களை இணையத்தில் ஏற்றுங்கள். பிள்ளையவர்கள் காலத்தில் சாவி ஒருவர் இடுப்பில் இருந்தது. அதை இப்போது கிளியனூர்த் திண்ணை வரையில் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.