அழைப்பும் நினைவும்: இரு குஞ்சுகளின் இரைக் கல்வி

இரை எங்கே கிடைக்கும் என்பதைப் பறவைக் குஞ்சு பிறந்த பிறகுதான் கற்கிறது. கற்கும் வழி இனத்துக்கு இனம் வேறுபடுகிறது. தென்னாப்பிரிக்காவின் கலஹாரியில் வாழும் கறுப்பு வெள்ளைச் சிலம்பனும், ஐரோப்பியக் காடுகளில் வாழும் மார்ஷ் டிட் என்னும் பட்டாணிக்குருவியும் இதற்கு நல்ல சான்றுகள்.

நம் தவிட்டுக்குருவியின் உறவான சிலம்பன் கூட்டமாக வாழ்வது. குஞ்சுகள் கூட்டைவிட்டு இறங்கச் சில நாள் இருக்கையில், பெரிய பறவைகள் இரை ஊட்டும்போது தாழ்ந்த உறுமல் ஒலி ஒன்றை எழுப்பத் தொடங்குகின்றன. ஒலி கேட்டால் உணவு வரும் என்று குஞ்சு பழகிக்கொள்கிறது. ஆய்வாளர்கள் நிக்கோலா ராய்ஹானியும் அமண்டா ரிட்லியும் ஊட்டும் வேளைகளில் இந்த ஒலியின் பதிவை வழக்கத்துக்கு முன்பே ஒலிக்கவிட்டபோது, குஞ்சுகளும் முன்கூட்டியே அதைக் கற்றன. 2008இல் அந்த ஆய்வு வெளியானது. கூட்டைவிட்டு வெளியேறிய குஞ்சுகளை இரை மிகுந்த இடத்துக்கு வரவழைப்பதும் இதே ஒலிதான்.

மார்ஷ் டிட் குஞ்சுக்கு இப்படி அழைத்துக் காட்ட யாருமில்லை. கூட்டைவிட்டுப் பறந்த ஓரிரு வாரங்களில் அது பெற்றோரைப் பிரிகிறது. பிறகு விதைகளை மரப்பட்டை இடுக்கிலும் பாசியிலும் ஒவ்வொன்றாக ஒளித்துவைத்து, பின்னர் தேடி எடுக்கிறது. நிக்கோலா கிளேட்டனும் ஜான் கிரெப்ஸும் ஆக்ஸ்ஃபோர்டில் கையால் வளர்த்த குஞ்சுகளை ஆராய்ந்து 1994இல் முடிவை வெளியிட்டார்கள். ஒளித்து எடுக்கும் வாய்ப்புப் பெற்றவற்றின் மூளையில், இடநினைவுக்குரிய ஹிப்போகேம்பஸ் பகுதி வளர்ந்திருந்தது. வாய்ப்புப் பெறாதவற்றில் அந்த வளர்ச்சி இல்லை.

சிலம்பன் குஞ்சு முதலில் கற்பது ஒலியின் பொருளை. இடம் அதன் வழியே தெரியவருகிறது. மார்ஷ் டிட் நேரடியாக இடத்தையே மனத்தில் பதிக்கிறது. முன்னதற்கு ஆசிரியர் உண்டு. பின்னதற்குத் தன் அனுபவமே ஆசிரியர். இந்த வேறுபாட்டுக்கு உணவு இருக்கும் விதமே காரணம் என்பது என் முடிவு. பலர் பகிர்ந்துண்ணும் இடத்தை மூத்தவர் காட்டலாம். தான் மட்டுமே ஒளித்த விதையின் இடத்தைப் பிறர் காட்ட இயலாது.

ஒற்றுமையும் உண்டு. கேட்டுப் பழகாத சிலம்பனுக்கு அந்த ஒலி வெறும் ஓசை. ஒளித்துப் பழகாத மார்ஷ் டிட்டுக்கு நினைவுப் பகுதி வளர்வதில்லை. இயல்பு தருவது திறனை மட்டுமே. அதை அறிவாக்குவது பழக்கம்.