பணியிட மின்சாதனங்கள்: பாதுகாப்புச் சோதனையில் ஆராயப்படுவது என்ன?

மின்சாரக் கெட்டில், துளையிடும் இயந்திரம், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என பிளக் மூலம் இணைக்கப்படும் கருவிகள் பணியிடங்களில் பலரது கைகளுக்கு மாறுகின்றன. அவற்றில் ஏற்படும் பழுது, மின்னதிர்ச்சிக்கும் தீ விபத்துக்கும் காரணமாகலாம். இக்கருவிகளைச் சோதிக்கும் நடைமுறை பிரிட்டனில் 'பேட்' என்று அழைக்கப்படுகிறது.

சட்டம் கூறுவது

பிரிட்டனின் 1989-ஆம் ஆண்டு பணியிட மின்சார விதிமுறைகளின்படி, மின்சாதனங்களை ஆபத்து நேராதவாறு பராமரிப்பது பணி வழங்குநரின் கடமையாகும். ஆயினும், ஆண்டுதோறும் சோதனை கட்டாயம் என்று அவை கூறவில்லை. கருவியின் வகை, பயன்படுத்தப்படும் சூழல் ஆகியவற்றைப் பொறுத்தே இடைவெளி அமைகிறது. கட்டுமானத் தளத்தில் உள்ள கருவிக்கு அடிக்கடி சோதனை தேவை. அலுவலகக் கணினிக்கு அந்த அளவு தேவையில்லை.

முதலில் பார்வை ஆய்வு

நசுங்கிய வயர், கருகிய பிளக், டேப் சுற்றிய இணைப்பு, பொருந்தாத ஃபியூஸ் ஆகியவை முதலில் கவனிக்கப்படுகின்றன. பெரும்பாலான குறைபாடுகள் இக்கட்டத்திலேயே தெரியவரும்.

அடுத்து அளவீடு

எர்த் கம்பி உள்ளே அறுந்திருந்தாலும் கருவி வழக்கம்போல் இயங்கும். பின்னர் மின்கசிவு ஏற்பட்டால், அதன் உலோக உறையைத் தொடுபவரை மின்சாரம் தாக்கக்கூடும். எனவே எர்த் இணைப்பு மீட்டரால் சோதிக்கப்படுகிறது. மின்காப்பின் தடை பொதுவாக 500 வோல்ட் செலுத்தி அளக்கப்படுகிறது. சதுரத்துக்குள் சதுரம் பொறித்த இரட்டைக் காப்புக் கருவிகளுக்கு எர்த் சோதனை தேவையில்லை.

தேர்ச்சி ஸ்டிக்கர், சோதித்த நாளின் நிலையை மட்டுமே காட்டும். அதன்பின் சேதம் தென்பட்டால், கருவியைப் பயன்படுத்துவதை நிறுத்தி உடனே பொறுப்பாளரிடம் தெரிவிக்க வேண்டும்.