விடுமுறையில் ஏடு தேடிய வாத்தியார்

அக்னி நட்சத்திரம் ஆரம்பித்துவிட்டது. பேரன் பேத்திகள் தாம்பரத்துக்கு வந்து இறங்கியாயிற்று. "தாத்தா, லீவுக்கு எங்கே போகலாம்?" என்று தினமும் கேள்வி. ஊட்டியா, ஏற்காடா என்று பேச்சு ஓடுகிறது. எனக்கோ, விடுமுறை விட்டால் போதும் என்று ஊர் ஊராகக் கிளம்பிய ஒரு வாத்தியாரின் நினைவு வருகிறது. அவர் போனது குளிர்ச்சி தேடி அல்ல, ஓலைச்சுவடி தேடி.

உ. வே. சாமிநாதையர் 1880 பிப்ரவரியில் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராகச் சேர்ந்தார். சம்பளம் மாதம் ஐம்பது ரூபாய். அதே வருஷம் அக்டோபரில், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். தாம் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் எல்லாவற்றையும் அடுக்கிச் சொன்னார். முதலியார் அசரவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டு, சீவகசிந்தாமணியை எடுத்துக் கொடுத்தார். அந்த ஒரு கேள்விதான் அவரை ஊர் ஊராக அலைய வைத்தது.

கல்லூரி நடக்கும்போது வெளியூர் போக முடியாது. ஆகவே விடுமுறைகள்தான் கதி. ரயில் போகும் மட்டும் ரயில். அப்புறம் மாட்டு வண்டி. அதுவும் இல்லாத இடத்தில் நடை. திருநெல்வேலிச் சீமை, சிவகங்கைப் பக்கத்து மிதிலைப்பட்டி என்று கவிராயர்கள் வாழ்ந்த ஊரெல்லாம் போனார். நூலை அச்சிடச் சென்னைக்கு வருவதும் விடுமுறையில்தான். அந்நாளில் கும்பகோணத்திலிருந்து எழும்பூருக்கு வரும் மீட்டர் கேஜ் பாதை நம் தாம்பரம் வழியாகத்தான் வந்தது. அச்சுத்தாள் கட்டை மடியில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் எத்தனை முறை போயிருப்பாரோ!

ஏடு கிடைத்தால் வேலை முடிந்துவிடாது. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. நெடில் குறில் கொம்பு ஒன்றுபோல் இருக்கும். பாட்டு எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. ஒரு பிரதியில் செல்லரித்த இடத்தை இன்னொரு ஊர்ப் பிரதியைக் கொண்டுதான் நிரப்ப வேண்டும். ஒரு நூலுக்குப் பல ஊர் அலைந்ததன் காரணம் இதுதான்.

பத்துப்பாட்டுக்காக ஆழ்வார்திருநகரி போனார். இலட்சுமணக் கவிராயர் வீட்டில் மூன்று நாள் தேடியும் கிடைக்கவில்லை. திருவிழாச் சமயம். மனம் சோர்ந்து, வீதியில் எழுந்தருளிய பெருமாளை வேண்டிக்கொண்டார். அன்றிரவே கவிராயர் தம் மாமனார் வீட்டிலிருந்து ஒரு கட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். நிலா வெளிச்சத்திலேயே பிரித்துப் பார்த்தார் ஐயர். கண்ணில் பட்டது முல்லைப்பாட்டு! 1889இல் பத்துப்பாட்டு அச்சில் வந்தது.

எல்லா ஊரிலும் அப்படி நடக்கவில்லை. கரிவலம்வந்தநல்லூர் கோயிலில் வரகுணராம பாண்டியர் சேர்த்து வைத்த ஏடுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார். பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமம் செய்துவிட வேண்டும் என்று ஆகமத்தில் சொல்லியிருக்கிறதாம். அப்படியே செய்துவிட்டோம் என்றார்கள். வேறொரு வீட்டில், ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட்டாயிற்று என்றார்கள்.

இதைப் படிக்கும் யாருக்கும் கோபம் வரும். எனக்கு வருவதில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

1984 போகிப் பண்டிகை. அப்பா காலமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஊர் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரண் இறக்கினோம். பழைய புத்தகங்களைப் பேப்பர்காரர் எடைக்கு எடுத்துக்கொண்டார். இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே நூலால் கட்டிய ஓலைக் கட்டு ஒன்றை மட்டும் வேண்டாம் என்று வைத்துவிட்டார். கொள்ளுத்தாத்தா காலத்துச் சாமான். பூச்சி அரித்திருந்தது. பிரித்துக்கூடப் பார்க்காமல், விடிகாலையில் பழைய பாயோடு சேர்த்துத் தீயில் போட்டேன். சடசடவென்று எரிந்தது, குழந்தைகள் மேளம் தட்டின. ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' தொடராக வந்தபோது வாராவாரம் காத்திருந்து படித்தவர் என் அப்பா. அவர் பிள்ளை செய்த காரியம் இது.

அது மருத்துவக் குறிப்போ, நிலக் கணக்கோ, வெறும் ஜோதிடமோ! ஒன்றுமில்லாததாகவும் இருக்கலாம் என்று மனைவி சமாதானம் சொல்வாள். இருக்கலாம். அது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை என்பதுதான் உறுத்துகிறது.

1942இல் ஜப்பான் குண்டு பயத்தில் சென்னை காலியானபோது, ஐயரும் திருவல்லிக்கேணி வீட்டை விட்டுத் திருக்கழுக்குன்றம் போனார். ஏப்ரல் 28ஆம் தேதி அங்கேயே காலமானார். மறுவருஷம் ருக்மிணி தேவி அருண்டேல் முயற்சியில் அவர் பெயரில் நூல்நிலையம் தொடங்கியது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சுவடிகளோடு பெசன்ட் நகரில் இருக்கிறது. தரமணியில் ரோஜா முத்தையா நூலகம். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் ஆயுள் முழுக்கச் சேர்த்த பழைய அச்சுப் புத்தகங்கள் அங்கே உள்ளன. இரண்டும் நமக்குப் பஸ் தூரம்தான்.

ஊட்டிக்கு முன்னால் ஒருநாள் பிள்ளைகளைப் பெசன்ட் நகருக்கு அழைத்துப் போவதாக இருக்கிறேன். போகியன்று நான் செய்ததையும் அங்கே வைத்துச் சொல்லிவிட வேண்டும்.

உங்கள் ஊர் வீட்டுப் பரணில் ஏதாவது கட்டு இருக்கிறதா? இந்த லீவில் போகும்போது, எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.